சுண்டிய காயும் சுமந்த பெட்டியும்

(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில், ஞாயிறு அறிவியல் வகுப்பின் சார்பில் ஆற்றிய உரை)



பரதத்திற்கும் நாடகத்திற்கும் நடுவே எங்களுக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார் செயலாளர். ‘நடுநிலைப் பள்ளி மாணவர்க்கு விசை, இயக்கம், வேலை கற்பித்தல்’ என்று அழைப்பிதழில் அச்சிட்டிருப்பதைக் கண்டு, சிலர் இந்நேரம் காப்பி அருந்தச் சென்றிருக்கக் கூடும். அவர்கள்மேல் குற்றமில்லை. எஞ்சி இருப்பவர்களிடம் எங்களுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதைச் சொல்லவே மேடை ஏறினோம்.

இட்டார்சி இரயில்வே காலனியில் வாழும் நம் பிள்ளைகளுக்காக, இம்மன்றத்தின் பின்புற அறையில் ஞாயிறுதோறும் காலை இரண்டு மணி நேரம் நாங்கள் மூவர் வகுப்பு நடத்தி வருவதை நீங்கள் அறிவீர்கள். எங்களுள் ஒருவர் பள்ளி ஆசிரியை; ஒருவர் எலெக்ட்ரிக் லோகோ ஷெட்டில் பணிபுரிபவர்; ஒருவர் இயற்பியல் பயின்று, பிறகு இல்லறத்தில் அமைந்தவர். 6ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் பதினான்கு பேர் வருகிறார்கள். தமிழ் எழுத்துக் கற்பிக்கத் தொடங்கிய வகுப்பு அது. அறிவியல் வகுப்பாக மாறியதற்கு நாங்கள் காரணமல்லோம், பிள்ளைகளே காரணம்.

அவர்களுள் சிலர் ஆங்கிலத்தில் அறிவியல் படிக்கிறார்கள், சிலர் இந்தியில். வீட்டில் பேசுவது தமிழ். ஒரு நாள் 7ஆம் வகுப்பு மாணவன் ஒருவன், “கதி என்றால் என்ன?” என்று கேட்டான். அவனுடைய இந்திப் பாடநூலில் இயக்கத்திற்குப் பெயர் கதி. அவன் பாட்டியோ, “படிக்காமல் திரிந்தால் உன் கதி என்னாவது?” என்று நாள்தோறும் கேட்பவர். பாட்டி தன் இயக்கத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார் என்று அவன் நெடுநாள் எண்ணியிருந்தானாம். யோசித்துப் பார்த்தால் அதுவும் பொருத்தமே. ‘விசை’ என்னும் நம் சொல்லும் இலேசுப்பட்டதன்று. “விசையாக நட” என்றால் விரைந்து நட என்று பொருள் கொள்கிறோம். தள்ளுவதும் விசை, விரைவதும் விசை. ஓடும் பொருளுக்குள் விசை இருக்கிறது என்று ஒரு பிள்ளை நினைத்தால், அந்த நினைப்பிற்குப் பாதி வித்து நாம் பேசும் மொழியிலேயே கிடக்கிறது. இது தமிழின் குறையென்று கருதிவிட வேண்டா. எல்லா மொழிகளிலும் இயற்பியல், தெருவில் புழங்கிய சொற்களைத்தான் எடுத்துப் பொருளைச் சுருக்கி வைத்திருக்கிறது.

முதலாண்டு நாங்கள் செய்ததை இந்த அவையில் ஒப்புக்கொள்ள வேண்டும். கரும்பலகையில் எழுதினோம். விசை என்பது நிறையை முடுக்கத்தால் பெருக்கி வருவது. வேலை என்பது விசையை இடப்பெயர்ச்சியால் பெருக்கி வருவது. மூன்று மொழியிலும் எழுதிப் போட்டோம். பிள்ளைகள் மூன்று மொழியிலும் ஒப்பித்தார்கள். 5 கிலோகிராம் பொருளுக்கு 2 மீட்டர் வீதம் முடுக்கம் அளிக்க எவ்வளவு விசை வேண்டும் என்றால், “10 நியூட்டன்” என்று கூரை அதிர விடை வந்தது. எங்களுக்கும் பெருமை தாங்கவில்லை. அவ்வாண்டு விழாவில் இதே மேடையில் அவர்களை நிறுத்தி ஒப்பிக்கவும் செய்தோம். கைதட்டினீர்கள்.

அந்தப் பெருமை ஒரு கேரம் ஆட்டத்தில் உடைந்தது.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டிரைக்கர் விரலை விட்டுப் பாதித் தொலைவு சென்றுவிட்ட நேரத்தில், எங்களுள் ஒருவர் விளையாட்டாகக் கேட்டார்: “இப்போது காயின்மேல் என்ன விசை செயற்படுகிறது?” பதினான்கு பேரும் ஒரே விடை சொன்னார்கள். “விரல் கொடுத்த விசை!” அது எங்கே இருக்கிறது? “காய்க்குள்ளே.” பிறகு ஏன் நிற்கிறது? “விசை தீர்ந்து போகிறது, மாமா.” ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. 10 நியூட்டன் என்று முழங்கிய அதே குரல்கள்.

பெற்றோர்களே, இதைக் கேட்டு உங்கள் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டா. விரல் விலகிய பிறகு விரலின் விசை ஏது? தள்ளுகிறவர் தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான் தள்ளல். காய் விரலை விட்டு நீங்கியதும், அதன் போக்கை மாற்றக் கூடியதாக அதன்மேல் செயற்படுவது பலகையின் உராய்வு ஒன்றே. காற்றின் தடை மிகச் சிறிது. அந்த உராய்வும் காயைப் பின்னோக்கி இழுக்கிறதே ஒழிய முன்னோக்கித் தள்ளுவதில்லை. இது நியூட்டன் கொள்கை. ஆனால் பிள்ளைகள் சொன்ன விடைக்கும் பழம்பெருமை உண்டு. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த பிலோபோனஸ் என்னும் அறிஞர், எறியும் கை எறியப்படும் பொருளுக்குள் ஓர் உந்துதலை ஏற்றி அனுப்புகிறது என்றார். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து ஆசிரியர் பூரிதான் அதற்கு இம்பீட்டஸ் என்று பெயரிட்டார். கலிலியோவின் இரு புதிய அறிவியல்கள் பற்றிய நூல் வெளிவந்தது 1638இல். நியூட்டனின் பிரின்சிபியா 1687இல். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பேரறிஞர்களை ஆட்கொண்டிருந்த எண்ணத்தை, நம் பிள்ளைகள் கேரம் பலகைமுன் உட்கார்ந்து தாமாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்களுடைய மனம் வெற்றுப் பலகையன்று. அங்கே ஏற்கெனவே ஓர் இயற்பியல் குடியிருக்கிறது. நாங்கள் அதைத் தட்டி எழுப்பாமல், அதன் தலைமேல் சுண்ணாம்புக் கட்டியால் சூத்திரம் எழுதிக்கொண்டிருந்தோம்.

இஃது இட்டார்சிக்கு மட்டும் உரிய நோயன்று. 1992இல் அமெரிக்காவில் ஹெஸ்டனஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹாமர் என்னும் மூவர், விசையைப் பற்றிய கருத்துகளைச் சோதிக்கும் வினாத்தாள் ஒன்றை வெளியிட்டனர். அதில் கணக்கு கிடையாது. ‘எறிந்த பந்தின்மேல் என்ன விசை இருக்கிறது’ என்பது போன்ற கேள்விகள்தாம். கடினமான கணக்குகளைப் போட்டுத் தேறிய கல்லூரி மாணவர்களே அவ்வினாக்களில் தடுமாறினார்கள். அப்படியிருக்க, பன்னிரண்டு வயதுப் பிள்ளையை என்ன சொல்வது?

ஆகவே அடுத்த ஞாயிறு கரும்பலகையைத் திருப்பி வைத்தோம். காயைக் கையால் சுண்டினால் ஒருமுறை பலமாகவும் ஒருமுறை மெதுவாகவும் போகும். அதனால் ஒரு மரக்கட்டையில் இரண்டு ஆணிகளை அடித்து, நடுவே ரப்பர் வளையம் மாட்டி, ஒரே குறிவரை இழுத்து விட்டோம். எல்லா முறையும் ஒரே தள்ளல். முதலில் சிமெண்டுத் தரையில் விட்டார்கள். காய் ஒரு சாண் தாண்டவில்லை. பிறகு பவுடர் தூவாத பலகையில். பாதிப் பலகையைக் கடந்து நின்றது. கடைசியில் பவுடர் தூவிய பலகையில் விட்டார்கள். எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பியும் வந்தது.

யாரும் விளக்கம் சொல்லக் கூடாது என்று நாங்கள் மூவரும் முன்பே உடன்பாடு செய்திருந்தோம். ஆசிரியர்க்கு இதைவிடக் கடினமான நோன்பு வேறில்லை. நெடுநேரம் கூச்சலாகவே இருந்தது. ஒருவன் சொன்னான்: பவுடர் கூடுதல் விசை கொடுக்கிறது. மற்றொருத்தி கேட்டாள்: பவுடர் என்ன தள்ளவா செய்கிறது? பிறகு 7ஆம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, இதுவரை வாய் திறவாதவள், மெல்லச் சொன்னாள்: “ஒரே இழுப்புத்தானே, மாமா? விசை தீர்ந்து போவதாக இருந்தால் மூன்று இடத்திலும் ஒரே தூரத்தில் தீர வேண்டும். அது தீரவில்லை. தரைதான் பிடித்து நிறுத்துகிறது.”

தரைதான் பிடித்து நிறுத்துகிறது! பூரிதான் பாரிஸில் வந்து சேர்ந்த இடமும் ஏறத்தாழ இதுவே. பொருளுக்குள் ஏறியது தானாகத் தீர்வதில்லை, எதிர்ப்புத்தான் அதைக் குறைக்கிறது என்றார் அவர். இன்னும் ஒரே படி. பவுடரைவிட வழுக்கும் தரை கிடைத்தால்? இன்னும் வழுக்கினால்? பிடிப்பே இல்லாவிட்டால்? மின்கம்பி பதிக்கும் பிளாஸ்டிக் பட்டையை வளைத்துக் கோலிக்குண்டு உருட்டினோம். ஒரு பக்கச் சரிவில் இறங்கிய குண்டு, மறுபக்கச் சரிவில் ஏறக்குறைய அதே உயரம் ஏறுகிறது. மறுபக்கச் சரிவைச் சாய்க்கச் சாய்க்க, அந்த உயரத்தைத் தேடி மேலும் மேலும் தொலைவு ஓடுகிறது. படுக்கவே வைத்துவிட்டால் எங்கே நிற்கும்? கலிலியோ வழியில் எழுந்த கேள்வி அது. “நிற்கவே நிற்காது” என்று சொல்லிவிட்டு, தாம் சொன்னதைத் தாமே நம்பாமல் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே, அந்தக் காட்சிக்கு ஈடாக எந்தத் தேர்வு மதிப்பெண்ணையும் நாங்கள் கருதவில்லை.

காய்க்குள் ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு. ஓடும் பொருளின் நிறையும் திசைவேகமும் சேர்ந்த அளவுக்கு உந்தம் என்று பெயர். பிள்ளைகள் ‘உள்ளே விசை’ என்று தடவிப் பார்த்தது அதைத்தான். பொருளைத் தொட்டுவிட்டார்கள், பெயரைத்தான் மாற்றி வைத்தார்கள். இதை அவர்களிடம் சொன்னபோது அவர்கள் முகம் மலர்ந்தது. முற்றும் தவறு என்று சொல்வதற்கும், பாதி வழி வந்துவிட்டாய் என்று சொல்வதற்கும் எவ்வளவு வேறுபாடு!

அன்று பின்வரிசையில், பேத்தியை அழைத்துப் போக வந்த பெரியவர் ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற எஞ்சின் ஓட்டுநர். பேத்தி ஓடிச் சென்று கேட்டாள்: “தாத்தா, வண்டி வேகம் எடுத்த பிறகு எஞ்சின் என்ன செய்யும்?” பெரியவர் செய்தித்தாளை மடித்தார். “வேகம் எடுக்கிற வரைதான் அம்மா பாடு. எடுத்துவிட்டால் நாட்ச்சைக் குறைத்துவிடுவோம். சமதரையில் அடியோடு மூடிவிட்டாலும் வண்டி கிலோமீட்டர் கணக்கில் தானே ஓடும். ஓட்டுவது பெரிதில்லை, நிறுத்துவதுதான் பெரிது.”

அவ்வளவுதான். நியூட்டனின் முதல் விதியை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா? எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது, மெதுவாகச் செல்லும் ஒரு டன் வண்டியைத் தடுக்கும் விசை ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு கிலோ எடைக்குச் சமம். அதாவது 10 முதல் 20 நியூட்டன். தார்ச்சாலையில் லாரிச் சக்கரத்திற்கு அது பல மடங்கு. 1000 டன் எடையுள்ள வண்டியைச் சமதரையில் மெதுவாக உருட்டிக்கொண்டிருக்க ஒன்று அல்லது இரண்டு டன் எடைக்கு ஈடான இழுப்பே போதும். வேகம் கூடக் கூடக் காற்றின் தடை சேரும். அப்போதும் எஞ்சின் செய்வது தடையை ஈடுகட்டுவதே. ஆனால் அந்த வழுக்கலே மேட்டில் பகையாகிறது. நாக்பூர் செல்லும் வழியில் தாராகோஹ் மலைப்பாதையில் சரக்கு வண்டிக்குப் பின்னால் தள்ளும் எஞ்சின் பூட்டுவதையும், சக்கரம் சுழன்று வழுக்கும்போது தண்டவாளத்தில் மணல் தூவுவதையும் பெரியவர் விவரித்தார். உராய்வு பகைவன் என்று அன்றுதான் பிள்ளைகள் எழுதி முடித்திருந்தார்கள். அதை அடித்துத் திருத்தினார்கள்.

நாற்பதாண்டுக் காலம் இந்த அறிவைக் கையில் வைத்திருந்தவர், தமக்கு அறிவியல் தெரியாது என்றே எண்ணியிருந்தார். இம்மன்றத்தில் அமர்ந்திருக்கும் உங்களுள் எத்தனை பேர் அப்படி? பாயின்ட்ஸ் மாற்றுகிறவர், பிரேக் கட்டை பொருத்துகிறவர், பாரம் ஏற்றுகிறவர், அம்மியை அரைக்க எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று அறிந்தவர்!

இனி, வழக்கிற்கு வருகிறோம்.

தரைதான் பிடிக்கிறது என்று சொன்ன சிறுமிக்குப் பள்ளியில் ஒரு தேர்வு வந்தது. எந்தப் பள்ளி என்பது வேண்டா. ‘ஒரு பொருள் தொடர்ந்து இயங்கிக்கொண்டிருக்க எது தேவை?’ என்பது வினா. ‘விசை’ என்பது எதிர்பார்த்த விடை. அவள், ‘உராய்வு இல்லை என்றால் ஒன்றும் தேவையில்லை’ என்று எழுதினாள். சிவப்பு மையால் பெருக்கல் குறி விழுந்தது. அழுதுகொண்டே தாளைக் கொண்டு வந்தாள். எங்களுள் ஒருவர் பள்ளிக்குச் சென்று ஆசிரியரைக் கண்டார். நல்ல மனிதர், ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர். விடைக் குறிப்பேட்டைக் காட்டினார். அதில் ‘விசை’ என்றுதான் அச்சாகியிருந்தது. மதிப்பெண் மாறவில்லை.

அடுத்த தேர்விற்கு முன் அச்சிறுமி எங்களைக் கேட்டாள்: “இந்த முறை என்ன எழுதட்டும்?” நாங்கள் மூவரும் உடனே விடை கூறவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒருவர், ஒரு மதிப்பெண்ணுக்காக உலகம் கவிழ்ந்துவிடாது, கண்டதை எழுதட்டும் என்றார். ஒருவர், அந்த ஒரு மதிப்பெண்ணால் அவள் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நாம் எண்ண வேண்டும் என்றார். முடிவில், கண்டதை எழுது என்றே சொன்னோம். அவள் தாயார் எங்களிடம் மூன்று மாதம் பேசவில்லை. பொதுக்குழுவில், ஞாயிறு வகுப்பில் கேரம் ஆட்டமே நடக்கிறது, தேர்விற்கு உதவும் வகுப்பாக மாற்றுங்கள் அல்லது அறையை டியூஷனுக்கு விடுங்கள் என்று எழுந்த குரல் அவருடையது மட்டுமன்று. அந்தக் கோரிக்கை இன்னும் செயற்குழுவின் முன் இருக்கிறது. நாங்கள் சொன்னது சரியா என்பதில் எங்களுக்கே முழுத் தெளிவில்லை. ஆனால், ‘விசை என்றே எழுதிவிடு’ என்று சொல்லியிருந்தால், அடுத்த ஞாயிறு எந்த முகத்தோடு அவள்முன் ரப்பர் வளையத்தை இழுத்திருப்போம்?

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தும் அறியாதது. 2022இல் நர்மதாபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற இதே ஓஷங்காபாத் மாவட்டத்தில், 1972ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வி முயற்சி தொடங்கியது. கிஷோர் பாரதி என்னும் அமைப்பும், நமக்கு அண்மையிலுள்ள ரசூலியாவின் பிரண்ட்ஸ் ரூரல் சென்டரும் அரசின் இசைவோடு அதைத் தொடங்கின. 1978இல் அது மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்திற்கும் பரவியது. 1982இல் ஏகலவ்யா நிறுவனம் உருவாகி அப்பணியை ஏற்றது. பால வைஞானிக் என்பது அதன் நூல். அதில் விடைகள் தரப்படவில்லை. சோதனைகளும் கேள்விகளும் இருந்தன. சிற்றூர்ப் பிள்ளைகள் குழு குழுவாக அமர்ந்து, எளிய பொருள்களைக்கொண்டு செய்து பார்த்து, கண்டதைத் தம் சொல்லில் எழுதினர். தேர்விற்குப் புத்தகத்தையும் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லலாம். கையால் சோதனை செய்து காட்டும் தேர்வும் உண்டு. சவாலிராம் என்னும் கற்பனை மனிதருக்குப் பிள்ளைகள் தம் ஐயங்களைக் கடிதமாக எழுதினர், விடையும் பெற்றனர். முப்பதாண்டு நடந்த அம்முயற்சியை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. அது பற்றிய விவாதத்தில் இப்போது நாங்கள் இறங்கவில்லை. கண்டதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் காலம் ஒன்று இந்த மண்ணிலேயே இருந்தது என்பதை மட்டும் அந்தத் தாயாருக்கு எடுத்துச் சொன்னோம். அவர் நம்பவில்லை. பிறகு தம் பக்கத்து வீட்டு இந்தி அம்மையாரிடம் கேட்டிருக்கிறார். அவர் அவ்வகுப்பில் படித்தவராம். அன்று மாலையே எங்களிடம் பேசினார்.

வேலை என்னும் பாடத்தில் நாங்கள் பட்டது இதைவிடப் பெரிது.

உங்களுக்குத் தெரிந்த எடுத்துக்காட்டுத்தான். தலையில் பெட்டியைச் சுமந்துகொண்டு நடைமேடையில் நடக்கும் சுமைதூக்குபவர், இயற்பியலின்படி ஒரு வேலையும் செய்வதில்லை. விசை மேல்நோக்கி இருக்கிறது. நகர்வு பக்கவாட்டில் இருக்கிறது. விசையின் திசையில் நகர்வு இல்லை. ஆகவே வேலை சுழியம். வழிவழியாக ஆசிரியர்கள் சொல்லி வந்ததை நாங்களும் சொன்னோம். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். “அப்படியானால் அவருக்குக் கூலி எதற்கு?” என்றான் ஒருவன். மறுபடியும் சிரிப்பு.

ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் குடும்பம் இந்த ஊருக்கு வந்த வரலாற்றை இந்த அவையில் பலர் அறிவீர்கள். அவன் பாட்டனாரின் தந்தை இந்த நிலையத்தில் சுமை தூக்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவன் எழுந்து கேட்டான்: “வேலை செய்யாமலா அவருக்குக் கழுத்து வளைந்தது?”

அவை அடங்கிற்று. எங்களுக்கும் வாயடைத்துப் போயிற்று. சூத்திரம் தவறில்லை. ஆனால் அதைச் சொன்ன முறை தவறு. அது பாதி உண்மையும்கூட. அடுத்த இரண்டு ஞாயிறும் இதற்கே செலவாயின. பெட்டியைத் தாங்கி நிற்பதை ஒரு மேசையும் செய்யும். மேசை எதையும் உண்பதில்லை. ஆனால் மனிதத் தசை மேசையன்று. பாரம் அசையாமல் இருக்கும்போதும் தசையின் நுண்ணிழைகள் ஓயாமல் சுருங்கிப் பிடிக்கின்றன, விடுகின்றன, மறுபடியும் பிடிக்கின்றன. அதற்கு உணவின் ஆற்றல் செலவாகி வெப்பமாகிறது. நடக்கும்போதோ ஒவ்வோர் அடியிலும் உடலும் சுமையும் சற்றே உயர்ந்து தாழ்கின்றன. ஆகவே சுழியம் என்பது, சீராக உருளும் தள்ளுவண்டியில் இருக்கும் பெட்டிக்கு முற்றும் பொருந்தும். நடக்கும் மனிதர்க்கு முழுமையாகப் பொருந்தாது. ‘பெட்டியின்மேல் நிகழ்ந்த வேலை எவ்வளவு’ என்பது ஒரு கேள்வி. ‘அம்மனிதர் எவ்வளவு செலவிட்டார்’ என்பது வேறு கேள்வி. ‘அவருக்கு எவ்வளவு தர வேண்டும்’ என்பது இயற்பியலே அல்லாத மூன்றாம் கேள்வி. மூன்றையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்ததால் வந்த வினை அந்தச் சிரிப்பு. 2016ஆம் ஆண்டு இரயில்வே வரவுசெலவுத் திட்டத்தில், கூலி என்னும் பெயரை நீக்கி சகாயக் என்று அழைக்கப் போவதாக அறிவித்தார்கள். பெயர் மாறியது நன்றே. மின்படிக்கட்டும் சக்கரப் பெட்டியும் வந்த பிறகு அவர்களுடைய வருவாய் மெலிந்ததும் நாம் காண்பதே.

கழுத்து வளைந்ததன் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அச்சிறுவன் பிடிவாதம் பிடித்தான். காலனிப் பக்கத்து நடைமேம்பாலத்திற்குச் சென்றோம். படிகள் 40; படி ஒன்றின் உயரம் 15 சென்டிமீட்டர். மொத்தம் 6 மீட்டர். பெட்டி 30 கிலோ. ஒரு கிலோவின் எடை ஏறத்தாழ 10 நியூட்டன். எனவே பெட்டியை மேலே கொண்டு சேர்க்கும் வேலை 1800 ஜூல். “அவரும்தானே மேலே ஏறுகிறார்?” என்றான் அவன். அதை நாங்கள் மறந்திருந்தோம். 60 கிலோ மனிதர் தம்மையே தூக்கிக்கொள்ளும் வேலை 3600 ஜூல். கூட்டினால் 5400. உண்ட உணவின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவே தசை வழியாக இத்தகைய வேலையாகிறது. மற்றது வெப்பமாகப் போகிறது. ஆகவே ஒருமுறை ஏற அவர் செலவிடுவது 20,000 ஜூலுக்கு மேல்; உணவுக் கணக்கில் ஏறத்தாழ 5 கிலோகலோரி. ஓர் இட்டிலி, அளவிற்கேற்ப, 40 முதல் 60 கிலோகலோரி. பத்து முறை பாலம் ஏறினால் ஓர் இட்டிலி! பிள்ளைகள் நம்பவில்லை. இவ்வளவு பாடுபட்டும் ஓர் இட்டிலிதானா என்று ஒருத்தி வருந்தினாள். அப்படியென்றால் இங்கே நாள்தோறும் ஆறு இட்டிலி உண்டு அமர்ந்திருக்கும் எங்கள் கதி என்ன என்று எங்களுள் ஒருவர் கேட்டார். கதி என்னும் சொல்லுக்கு அன்று மூன்றாம் பொருள் கிடைத்தது.

இறங்கும்போது வேலை செய்வது புவியீர்ப்பு. அப்படியிருக்க முழங்கால் ஏன் வலிக்கிறது என்று பாட்டி ஒருவர் கேட்டனுப்பினார். நல்ல கேள்வி. விழாமல் பிடித்துப் பிடித்து இறக்குவதும் தசைக்குப் பாடுதான், பாட்டி. சாய்பலகையில் பெட்டியை இழுத்தும் பார்த்தோம். சுருள்வில் தராசு காட்டிய விசை குறைந்தது, இழுக்கும் தொலைவு கூடியது. அதை விரித்துச் சொல்ல நேரமில்லை. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

செயற்குழுவிடம் நாங்கள் கேட்பது, அந்த அறையை இன்னும் ஓராண்டு எங்களுக்கு விட்டுவைக்க வேண்டும் என்பதே. தேர்வு நெருங்கும் இரு மாதங்கள் காலை முதல் மணி நேரத்தைப் பள்ளிப் பாடத்திற்கு ஒதுக்க இசைகிறோம். இரண்டாம் மணி நேரம் எங்களுக்கு வேண்டும். பெற்றோர்களிடம் கேட்பது வேறு. பிள்ளை வந்து ஒன்றைக் கேட்டால், ‘புத்தகத்தில் பார்’ என்று உடனே அனுப்பிவிட வேண்டா. ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று தமிழில் ஒருமுறை கேளுங்கள். அவன் சொல்வது பிலோபோனஸ் சொன்னதாக இருக்கலாம். சிரிக்காமல் கேளுங்கள்.

அடுத்த ஞாயிறு காலை 7 மணிக்கு நடைமேம்பாலத்தின் அடியில் கூடுகிறோம். வீட்டில் சுருள்வில் தராசு வைத்திருப்பவர்கள் கொண்டு வர வேண்டும். எஞ்சின் ஓட்டுநர் பெரியவர் வருகிறார். சிறுமியின் தாயாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முழங்கால் வலியுள்ள பாட்டிமார் மேலே ஏற வேண்டா. யார் எத்தனை முறை ஏறினார்கள் என்று கீழே அமர்ந்து எண்ணி, இட்டிலிக் கணக்கு எழுதும் பொறுப்பு அவர்களுடையது.